கால்களை எண்ணுங்கள், பெயர் கிடைக்கும்: குமரி மாவட்டத்துப் பூச்சி, சிலந்தி, நண்டு, பூரான் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம் பக்கம் பள்ளிப் பிள்ளைகளோடும் விளைக்காரர்களோடும் (விளை என்றால் எங்கள் பக்கம் தோட்டம்) பூச்சி பார்க்கப் போகும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. நம் மாவட்டம் சின்னது. காலையில் முட்டத்துப் பாறையில் நின்றவர் மத்தியானம் ரப்பர் தோட்டத்திலும் சாயங்காலம் பேச்சிப்பாறைக் காட்டோரத்திலும் நிற்கலாம், அதுவும் பஸ்ஸிலேயே. அதனால் கால் எண்ணிப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பூச்சி, சிலந்தி, நண்டு, பூரான் எல்லாம் ஒரே கூட்டமா?

ஒரே பெரிய கூட்டம். கணுக்காலிகள் என்று பெயர். மூங்கிலில், கரும்பில் கணு இருக்கிறதே, அதுபோல இவற்றின் காலில் கணு கணுவாக மூட்டு இருக்கும். உள்ளே எலும்பு கிடையாது, வெளியே இருக்கும் ஓடுதான் எலும்பின் வேலையைச் செய்கிறது. அந்த ஓடு உடம்போடு சேர்ந்து வளராது என்பதால் அவ்வப்போது அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிய ஓட்டோடு வெளியே வரும். மரப்பட்டையில் முதுகு பிளந்து காலியாக ஒட்டிக்கொண்டிருக்கும் சில்வண்டுக் கூட்டைப் பார்த்திருப்பீர்கள், மீன் சந்தையில் அழுத்தினால் தோல்போல் அமுங்கும் நண்டும் சில சமயம் கைக்கு வந்திருக்கும். இரண்டும் ஒரே கதைதான், ஒன்று கழற்றிய சட்டை, இன்னொன்று சட்டை மாற்றி ஓடு இன்னும் இறுகாத உடம்பு.

சரி, ஒன்றைப் பார்த்ததும் எதை முதலில் பார்க்க வேண்டும்?

எல்லோரும் கால் எத்தனை என்றுதான் தொடங்குவார்கள், அது சரிதான், ஆனால் நான் அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுவேன்: கால்கள் உடம்பில் எந்த இடத்திலிருந்து கிளம்புகின்றன என்று பாருங்கள். பூச்சிக்கு உடம்பு தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதி, ஆறு காலும் நடுவில் உள்ள மார்பிலிருந்துதான் வரும், இறக்கை இருந்தால் அதுவும் அங்கிருந்துதான். சிலந்திக்கு உடம்பு இரண்டு பகுதி, தலையும் மார்பும் ஒட்டி ஒன்றாகிவிட்டது, எட்டுக் காலும் அந்த முன்பகுதியிலிருந்து வரும், பின்னால் இருக்கும் உருண்டை வயிற்றில் ஒரு கால்கூட இருக்காது. பூரானுக்கும் மரவட்டைக்கும் தலையை விட்டால் மீதியெல்லாம் வளையம் வளையமான ஒரே நீள உடம்பு, அந்த வளையங்களில் பெரும்பாலானவற்றில் கால்.

மூன்றாவதாக உணர்கொம்பு, பிள்ளைகள் மீசை என்று சொல்வது. பூச்சிக்கு ஒரு ஜோடி, பூரானுக்கும் மரவட்டைக்கும் ஒரு ஜோடி, நண்டு இறால் வகைக்கு இரண்டு ஜோடி, சிலந்தி தேள் வகைக்கு அறவே கிடையாது. கால் ஒடிந்து எண்ணிக்கை குழம்பினாலும் மீசையை வைத்துத் தீர்மானித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. வண்டை மேலேயிருந்து பார்த்து மூன்று பகுதி என்று எண்ணினால் தப்பாகிவிடும். மேலே தெரிவது தலை, கழுத்துப் பட்டைபோல மார்பின் முன்துண்டு, அப்புறம் கெட்டியான இறக்கை மூடி. மார்பின் மிச்சமும் வயிறும் அந்த மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஒரு கண்ணாடிக் கிளாசில் விட்டு அடியிலிருந்து பாருங்கள், எல்லாம் தெளிவாகத் தெரியும்.

தேளுக்குப் பத்துக் கால் என்று என் மகள் அடித்துச் சொல்கிறாள். இல்லையா?

எட்டுதான். ஆனால் அவள் கவனித்து எண்ணியிருக்கிறாள், அதைப் பாராட்டுங்கள். முன்னால் இருக்கும் இரண்டு கொடுக்கும் கால் அல்ல, வாய்க்குப் பக்கத்திலிருந்து வளரும் உறுப்பு. சிலந்திக்கும் அதே உறுப்பு உண்டு, அங்கே அது குட்டிக் கால்போல வாயோரம் ஆடிக்கொண்டிருக்கும், ஆண் சிலந்திக்கு அதன் நுனி குத்துச்சண்டைக் கையுறை மாதிரி வீங்கியிருக்கும்.

தேளைப் பற்றிப் பேசும்போது இதையும் தெரிந்துகொள்ளுங்கள். கொடுக்கு தடித்து வால் மெலிந்த பெரிய கருந்தேள் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் கொடுக்கு மெலிந்து வால் தடித்த சிறிய செந்தேள்தான் அதிக ஆபத்து. அது கொட்டி, குறிப்பாகக் குழந்தைக்கு, வியர்வையும் வாந்தியும் கைகால் சில்லிடுவதும் வந்தால் பார்வை பார்க்க, பற்றுப்போட என்று ஒரு நிமிஷமும் கடத்தாதீர்கள், நேராக ஆஸ்பத்திரி.

மாமரத்தில் முசுறு ஒன்று நூல் விட்டுத் தொங்கியது. எறும்பு நூல் விடுமா?

நீங்கள் பார்த்தது எறும்பு அல்ல, எறும்பு வேஷம் போட்ட குதிக்கும் சிலந்தி. எனக்கு மிகவும் பிடித்த உயிர் இது. முசுறு கடிக்கும் என்று தெரிந்து பல விலங்குகள் அதை ஒதுக்கிவிடும், அந்தப் பயத்தை இந்தச் சிலந்தி தனக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. நிறம் அதே செம்மஞ்சள். முன்பகுதியின் நடுவில் ஒரு இடுக்கம் விழுந்து இரண்டு துண்டுபோல் தெரிவதால் உடம்பு மூன்று பகுதியாகிவிடும். முன்னங்கால் இரண்டையும் தூக்கி மீசைபோல ஆட்டிக்கொண்டே நடக்கும், ஆக எண்ணினால் ஆறு கால், ஒரு ஜோடி மீசை. ஆண் சிலந்திக்கு வாய்க்கொடுக்கு அவ்வளவு நீளம் என்பதால் இன்னொரு எறும்பைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும்.

பொறுமையாகப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். அந்த ‘மீசை’ தலையிலிருந்து வராது, மற்ற கால்களோடு சேர்ந்து கிளம்பும். எறும்பின் மீசை முழங்கைபோல மடங்கியிருக்கும், இது மடங்காது. முசுறுக் கூட்டத்தோடு வரிசையில் போகாமல் இலையோரத்தில் தனியாக நிற்கும். முன்னால் இரண்டு பெரிய கண்கள் உங்களையே பார்க்கும்.

வண்ணத்துப்பூச்சிக்கு நாலு கால்தான் தெரிகிறது. அப்படியென்றால் பூச்சி இல்லையா?

பூச்சிதான், ஆறு காலும் உண்டு. வரியன்கள் என்ற வகை வண்ணத்துப்பூச்சிகள் சேர்ந்த பெரிய குடும்பத்தில் முன்னங்கால் ஜோடி சிறுத்து, மயிர் முளைத்து, நெஞ்சோடு ஒட்டி மடங்கிக் கிடக்கும். நடக்க உதவாது. 2019-இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் இந்தக் குடும்பம்தான், நம் மலையோரத்தில் பார்த்தால் நாலு காலில்தான் உட்கார்ந்திருக்கும். எலுமிச்சைச் செடிக்கு வரும் அழகிகள் என்ற வகையையும், வெள்ளையன்கள் என்ற வகையையும் பாருங்கள், ஆறு காலும் தரையில் இருக்கும். அப்படியே கும்பிடுபூச்சியையும் பாருங்கள்: கும்பிடும் கையும் கால்தான், அதைச் சேர்த்து எண்ணினால்தான் ஆறு.

குரும்பையில் சொறி விழுகிறது. ‘ஈரியோபைட் சிலந்தி’ என்றார்கள். தென்னையில் வலை எதையும் காணோமே?

இந்தப் பெயர்தான் பலரைக் குழப்புகிறது. இது வலை பின்னும் சிலந்தி அல்ல, சிலந்தி வகுப்பைச் சேர்ந்த மிகச் சிறிய பேன் (ஆங்கிலத்தில் மைட்; தலையில் வரும் பேன் அல்ல, அது பூச்சி). நீளம் கால் மில்லிமீட்டர்கூட வராது, வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. குரும்பையின் காம்புத் தொப்பிக்கு அடியில் ஒளிந்திருந்து இளம் திசுவின் சாற்றை உறிஞ்சும். முதலில் தொப்பியின் ஓரத்தில் வெளிறிய முக்கோணம்போல ஒரு அடையாளம் வரும், காய் வளர வளர அது பழுப்பாகி வெடித்துச் சொறியாகும். இந்தியாவில் இதை முதலில் கண்டது 1998-இல், கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில். நம்மூருக்குப் பக்கத்து வீடுதானே.

இதற்கு எத்தனை கால் தெரியுமா? நாலே நாலு. சிலந்தி வகுப்பில் பிறந்துவிட்டு இரண்டு ஜோடிக் காலோடு, புழுபோல நீண்ட உடம்போடு வாழ்கிறது. எட்டு என்ற கணக்கு இங்கே உடைகிறது, அதனால் தனிப்பாடமாகவே இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இந்த வேறுபாடு ஏட்டுச்சுரைக்காய் இல்லை. பூச்சிக்கு அடிக்கும் பல மருந்துகள் பேன் இனத்தைக் கொல்லாது, சில சமயம் அந்தப் பேனைத் தின்று கட்டுக்குள் வைக்கும் நல்ல உயிர்களைக் கொன்று நிலைமையை மோசமாக்கிவிடும். அதனால்தான் இதற்கு வேப்பெண்ணெய், பூண்டு, சோப்பு கலந்த கரைசலைக் குலையின்மேல் படும்படி தெளிக்கச் சொல்கிறார்கள். என்ன உயிர் என்று தெரியாமல் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள் என்று நான் ஒவ்வொரு விளையிலும் கெஞ்சுவது இதற்காகத்தான்.

எருக்குழியில் கிடக்கும் வெள்ளைப் புழுவும் தென்னைக்குள் குடையும் புழுவும் ஒன்றுதானே?

இல்லை, இரண்டும் வேறு. காலைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

எருக்குழியில், மக்கிய தடியில் அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் கொழுத்த புழுவுக்குத் தலைக்குப் பின்னால் மூன்று ஜோடிக் கால் தெளிவாக இருக்கும். அது காண்டாமிருக வண்டின் புழு. அது மரத்தைத் தொடாது, மக்கலைத் தின்றுதான் வளரும். வண்டாக மாறிய பிறகுதான் கொம்போடு கிளம்பிக் குருத்தைக் குடையும், விரியும் ஓலை கத்தரியால் வெட்டினதுபோல் இருக்கும். ஆனால் எருக்குழியில் கிடக்கும் எல்லாப் புழுவும் இதுவல்ல, நல்ல வேலை செய்யும் வேறு வண்டுப் புழுக்களும் அதே வடிவில் ஆறு காலோடு இருக்கும்.

தடிக்குள்ளேயே இருந்து திசுவைத் தின்னும் சிவப்புக் கூன்வண்டின் புழுவுக்கு ஒரு கால்கூடக் கிடையாது. உணவுக்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே வளரும் உயிருக்கு நடக்க வேண்டிய தேவையே இல்லை. மட்டி வாழையின் தண்டைத் துளைக்கும் கூன்வண்டின் புழுவும் அப்படித்தான். கூன்வண்டு என்ற பெயர் வந்தாலே புழுவுக்குக் கால் இருக்காது என்று நினைவில் வையுங்கள்.

எங்கள் விளையில் மரத்திலிருந்து பழுப்புச் சாறு வடிந்தபோது, உள்ளே இருப்பது காண்டாமிருக வண்டின் புழு என்று நினைத்து எருக்குழியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். அது கூன்வண்டு. மண்டை சாய்ந்து மரம் போன பிறகு பிளந்து பார்த்தால் கால் இல்லாத புழுக்கள். காய்த்துக் குலுங்கிய மரம், இன்றும் மனசு கேட்கவில்லை. காண்டாமிருக வண்டு போட்ட ஓட்டையிலும் கூன்வண்டு முட்டையிட வரும் என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும், ஆனால் இரண்டுக்கும் பார்க்கும் இடம் வேறு.

கம்பளிப்பூச்சிக்கு நான் பதினாறு கால் எண்ணினேன்!

சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். முன்னால் இருக்கும் ஆறுதான் மூட்டுள்ள உண்மையான கால். வயிற்றிலும் பின்முனையிலும் இருக்கும் பத்தும் சதைக் கால், நுனியில் நுண்ணிய கொக்கிகள் இருக்கும், பற்றிக்கொள்ள மட்டும். வண்ணத்துப்பூச்சியாகும்போது இவை காணாமல் போகும். சில வகைகளுக்குச் சதைக் கால் குறைவு, முதுகை வளைத்து முழம் போட்டு நடக்குமே, அதைக் கவனியுங்கள், நடுவில் கால் இல்லாததால்தான் அந்த நடை.

பூரானுக்கு நூறு கால், மரவட்டைக்கு ஆயிரம் கால். உண்மையா?

பூரானுக்குச் சரியாக நூறு கால் இருக்கவே முடியாது. வளர்ந்த பூரானின் கால் ஜோடிகள் எப்போதும் ஒற்றைப்படையில்தான் இருக்கும், நூறு என்றால் ஐம்பது ஜோடி, அது இரட்டைப்படை. நம் வீட்டுக் குளியலறையில் வந்து பயமுறுத்தும் பெரிய பூரானுக்குப் பெரும்பாலும் 21 ஜோடி, சுவரில் மின்னல்போல ஓடும் நீளக்கால் பூரானுக்கு 15 ஜோடி. ஒரு வளையத்துக்கு ஒரு ஜோடி, பக்கவாட்டில் விரிந்திருக்கும், உடம்பு தட்டை, ஓட்டம் வேகம். கடைசி ஜோடி பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் எது தலை எது வால் என்று குழம்பும். கடிக்கிறது என்கிறோமே, அது உண்மையில் பல் இல்லை, தலைக்கு அடியில் இருக்கும் முதல் ஜோடிக் கால்தான் விஷக் கொடுக்காக மாறியிருக்கிறது.

மரவட்டை, பிள்ளைகள் ரயில் பூச்சி என்பார்கள், உருண்ட உடம்பு, நிதானமான நடை. நடு உடம்பில் ஒரு வளையத்துக்கு இரண்டு ஜோடிக் கால், ஆனால் தலைக்கு அடுத்த வளையத்தில் காலே கிடையாது, அதற்கடுத்த மூன்றில் ஒவ்வொரு ஜோடிதான். பெரும்பாலான வகைகளில் முட்டையிலிருந்து வரும்போது மூன்று ஜோடி மட்டுமே இருக்கும், ஓடு கழற்றும்தோறும் வளையமும் காலும் கூடும். ஆயிரம் என்பது வெறும் பேச்சாகத்தான் இருந்தது, ஆஸ்திரேலியாவில் நிலத்துக்கு 60 மீட்டர் அடியிலிருந்து எடுத்த ஒரு வகையில் 1306 கால்கள் இருப்பதை 2021-இல் அறிவிக்கும் வரைக்கும். நம் தோட்டத்து மரவட்டை அதன் பக்கத்திலும் வராது.

மரவட்டை கடிக்காது. தொந்தரவு செய்தால் காரமான நீரைக் கசியவிடும், கையில் கறைபடும், கண்ணைத் தேய்த்தால் எரியும், அவ்வளவுதான். அது பாட்டுக்கு இலைச்சருகைத் தின்று மண்ணாக்குகிறது, மிதிக்க வேண்டாமே.

தொட்டால் கோலிக்குண்டுபோல உருளும் பூச்சி எது?

இரண்டு வேறு கூட்டங்கள் இதே வித்தையைச் செய்கின்றன. கீரிப்பாறை பக்கம் ஈரச் சருகில் கிடைக்கும் பெரிய குண்டு மரவட்டை வகை, விரியும்வரை பொறுத்திருந்தால் இருபது ஜோடிக்கு மேல் கால் தெரியும். பூச்சட்டிக்கு அடியில் இருக்கும் பொடிசுக்கு ஏழே ஜோடி, அது நண்டு இறால் கூட்டத்திலிருந்து கரையேறி வாழப் பழகிய உயிர். ஈரம் இல்லாவிட்டால் செத்துவிடும், சட்டிக்கு அடியைவிட்டு அது நகராததற்குக் காரணமும் அதுதான்.

ஆட்டின் காதில் இருந்த உண்ணிக்கு ஆறு கால்தான். பூச்சியா?

இல்லை, உண்ணிக் குஞ்சு. உண்ணிக்கும், நாலு கால் தென்னைப் பேன் போன்றவை நீங்கலான பேன் இனத்துக்கும் முட்டையிலிருந்து வரும்போது ஆறு கால், முதல் ஓடு கழற்றிய பிறகு எட்டு. மீசை இல்லை, தலை மார்பு வயிறு என்ற பிரிவும் இல்லை, எல்லாம் ஒரே பை. அதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று சொல்லும் ஸ்க்ரப் டைஃபஸைப் பரப்புவது ஆட்டு உண்ணி அல்ல, புதர்களில் இருக்கும் ஒரு வகைப் பேனின் இந்த ஆறுகால் பருவம்தான். புல் வெட்டப் போனவருக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு மடிப்புகளில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த புண் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

நண்டு, இறால், சிங்கிக்கு எத்தனை கால்?

மூன்றுக்கும் பத்து. இங்கே கொடுக்கும் கால்தான், தேளில் கழித்ததை நண்டில் சேர்த்து எண்ண வேண்டும். கடலில் நீந்தும் நண்டுக்குக் கடைசி ஜோடி துடுப்புபோலத் தட்டையாக இருக்கும். கடற்கரையில் வளை தோண்டும் நண்டுக்கு எல்லாம் கூரான ஓட்டக் கால், துடுப்பு இல்லை. நண்டின் வயிறு எங்கே என்று கேட்டால் திருப்பிப் போடுங்கள், அடியில் மடிந்து கிடக்கும், ஆணுக்கு ஒடுக்கம், பெண்ணுக்கு அகலம். மணக்குடிச் சதுப்பில் ஒரு பக்கக் கொடுக்கு மட்டும் பெருத்த குட்டி நண்டு தெரிந்தால் அது ஆண்.

இறாலுக்கு நடக்க ஐந்து ஜோடி போக, வாலின் அடியில் நீந்த ஐந்து ஜோடித் துடுப்பும் உண்டு, பிள்ளைகள் அதையும் சேர்த்து இருபது என்பார்கள். சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்கே கிடையாது, பத்தும் நடக்கும் கால், தற்காப்புக்கு முள் நிறைந்த தடித்த நீள மீசை. சங்குக்குள் வாழும் நண்டு ஆறு காலோடு ஓடுவதுபோல் தெரியும், மீதி நாலு சிறுத்துப்போய்ச் சங்குக்குள் பிடிமானத்துக்கு இருக்கின்றன.

முட்டத்துப் பாறையில் காலை வெட்டும் அந்தச் சின்னக் கூம்புகள் சிப்பிதானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவை பார்னக்கிள், நண்டின் உறவு. குஞ்சாக நீந்தித் திரிந்துவிட்டு, தலையால் பாறையிலோ வள்ளத்தின் அடியிலோ ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர் கட்டிக்கொள்ளும். அலை மூடும்போது உற்றுப் பாருங்கள், மேல்வாய் திறந்து இறகுபோல ஒன்று வெளியே வந்து வீசி உள்ளே போகும். அது கால். ஆறு ஜோடிக் கால்களால் தண்ணீரை அரித்து உண்கிறது.

கணவாய், அட்டை, நத்தை?

மூன்றும் கணுக்காலி அல்ல. கணவாயின் கைகளில் மூட்டு இல்லை. ரத்தம் குடிக்கும் அட்டைக்குக் காலே இல்லை, பெயர் ஒன்றுபோல் இருப்பதால் மரவட்டையோடு சேர்க்காதீர்கள்.

ஏழு கால் சிலந்தி பார்த்தேன். புது வகையா?

ஒரு கால் போன சிலந்தி. எதிரி பிடித்தால் காலைக் கழற்றிவிட்டுத் தப்பும், நண்டும் அப்படியே. இளசாக இருந்தால் ஓடு கழற்றும்போது மறுபடி முளைக்கும், முதலில் சிறியதாக. அதனால் ஒரு பக்கத்தை மட்டும் எண்ணி இரட்டிப்பாக்காதீர்கள், இரண்டு பக்கமும் எண்ணி அதிகமாக உள்ள பக்கத்தை நம்புங்கள்.

என்னென்ன கொண்டுவர வேண்டும்? பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா?

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று, கண்ணாடிக் கிளாஸ் ஒன்று, கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்று. கிளாசைக் கவிழ்த்து அடியில் அட்டையைச் செருகி நிமிர்த்தினால் கை படாமல் எல்லாப் பக்கமும் பார்க்கலாம். போன் கேமராவில் மேலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று, முகம் ஒன்று என்று மூன்று படம் எடுங்கள், என்னிடம் வரும் படங்களில் முக்கால்வாசி மேலிருந்து எடுத்தவை, கால் கிளம்பும் இடம் தெரியாது. தேள், பூரான், குளவியைக் கிளாசில் பிடிக்க வேண்டாம், தள்ளி நின்று படம் போதும். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், அங்கிருந்து எதையும் எடுக்கக் கூடாது.

வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். எண்ணி முடித்ததும் பிடித்த இடத்திலேயே, அதே கல்லுக்கு அடியிலேயே விட்டுவிடுங்கள், கல்லை முன்பு இருந்தபடியே திருப்பி வையுங்கள்.